அலுப்பு இரைந்த ஆம்ப்ளி

பக்கத்தில் வந்து நிற்கிறவர்களின் அலுப்பை எடுத்து பிளாவியாவின் கிட்டார் ஆம்ப்ளி இரைய ஆரம்பித்தது கிறிஸ்துமஸ் கழிந்த வாரத்தில். உப்படித்துறையில் யாரும் அதற்காக வாயைப் பிளக்கவில்லை. கடலோரத்தில் இரும்பு துருப்பிடிக்கும், மரம் ஊதும், வாங்கின சாமான் எதுவும் வாங்கின மாதிரி இருக்காது, அதில் இதுவும் ஒன்று என்று விட்டார்கள். கோயில் பாட்டுக்குழு ஒத்திகையில்தான் முதலில் கவனித்தது: சொர்ணமேரி டீச்சர் பக்கத்தில் வந்தால் கரும்பலகையில் சாக்பீஸ் கீறுகிற மாதிரி ஒரு கீச்சு, உப்பளத்துக்குப் போகிற லூர்தம்மாள் வந்தால் காலடியில் உப்பு நொறுங்குகிற நறநறப்பு, லாரி ஓட்டுகிற கஸ்பார் வந்தால் மேட்டில் ஏற முடியாத வண்டியின் முக்கல். அவர்கள் நகர்ந்தால் சத்தமும் நகர்ந்துவிடும்.

பிளாவியாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. ஐஸ் கம்பெனியில் எடை போடுகிறவள், கல்யாண வீடுகளில் கிட்டார் வாசிக்கிறவள். ஆம்ப்ளி அவள் அப்பாவுடையது. கப்பலில் போன மனுஷன் எந்தத் துறைமுகத்திலோ வாங்கித் தோளில் சுமந்து வந்தது. உள்ளே கண்ணாடி வால்வுகள் சிவப்பாக எரிகிற பழைய ரகம். அதை அவள் மீன்வண்டியில் ஏற்றிக்கொண்டுவந்து, கோயில் மதிலுக்கு எதிரே இருந்த இஞ்ஞாசியின் ரிப்பேர் கடையில் இறக்கினாள்.

இஞ்ஞாசி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "என்ன கம்ப்ளெயின்ட்?"

"அலுப்பு கேக்குது மாமா."

"யாரோடது?"

"யாரு நின்னாலும் அவங்களோடது."

"ஹம் அடிக்குதுன்னு சொல்லு. கதை சொல்லாத."

"லூர்து மாதா திருவிழாவுக்கு, சொரூபம் வெளிய வாற நேரம் என்னைத் தனியா வாசிக்கச் சொல்லியிருக்காங்க மாமா. இத்தனை வருஷத்துல இப்பதான் கேட்டிருக்காங்க. இந்த இரைச்சலோட வாசிச்சா டவுன்லேருந்து கீபோர்டுக்காரனைக் கூட்டிட்டு வந்துருவோம்னு கமிட்டியில சொல்லிட்டாங்க."

"திருவிழாவுக்கு முந்தி எடுத்துக்கோ. போ."

அவர் எந்தச் செட்டையும் சரியாக்காமல் திருப்பிக் கொடுத்ததில்லை. அதைப் பற்றி அவர் பேசுவதும் இல்லை. கடைக்குப் பின்னால் ஒரு சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்படி, அடுப்படியில் தெக்லா. கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான். விடியக்காலம் அவர் கடையைத் திறப்பார், அவள் அடுப்பைப் பற்றவைப்பாள், சுவரில் இருக்கிற ஜன்னல் வழியாகக் காப்பி வரும், காலி டம்ளர் போகும், அதற்கு மேல் இருவருக்கும் பெரிய பேச்சு இல்லை. கொஞ்ச காலமாக அவள் மட்டும், "ஒருநா கடையைப் பூட்டிட்டு சும்மா இருந்தாத்தான் என்ன?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "எனக்கென்ன, நல்லாத்தான இருக்கேன்" என்பார் அவர்.

ஆம்ப்ளி கடைக்கு வந்தது தெரிந்ததும் ஊர் வந்தது. முதலில் வேடிக்கைக்கு வந்தார்கள், பிறகு வேலையாக வந்தார்கள். மருமகளுக்கு இடுப்புவலி பொய் என்று சொல்லிக்கொண்டிருந்த பாக்கியம் அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுவந்து ஆம்ப்ளி முன்னால் நிறுத்த, அது குக்கர் விசில் வராமல் முட்டுகிற மாதிரி இரைய, "இப்ப நீங்க நில்லுங்க" என்று மருமகள் பாக்கியத்தைத் தள்ளிவிட, அதே சத்தம் அதே கனத்தில் வர, மாமியாரும் மருமகளும் ஒரே குடையில் வீட்டுக்குப் போனார்கள். கமிட்டி செயலாளர் மரியசாந்து, "திருவிழா வேலையில நான் படுற பாடு எனக்குத்தான் தெரியும்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். ஆம்ப்ளி மூச்சு விடவில்லை. "கொஞ்சம் குனிஞ்சு நில்லுங்க அண்ணாச்சி, எட்டலையோ என்னவோ" என்றான் கஸ்பார். குனிந்தும் பார்த்தார். அன்றிலிருந்து அவர் கடை இல்லாத மேற்கு வாசல் வழியாகத்தான் கோயிலுக்குப் போகிறார். உப்பளத்துக் கணக்குப்பிள்ளை, லீவு கேட்கிற பெண்களை ஆம்ப்ளி முன்னால் நின்றுவிட்டு வரச் சொல்லிப் பார்த்தார்; பெண்கள் அவரையே கூட்டிக்கொண்டுவந்து முதலில் நிறுத்தியதும் அந்தப் பேச்சு நின்றுபோனது. குழந்தை பெற்றவள் வந்தாள், நோயாளியை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறவள் வந்தாள், ஒன்றும் செய்யாமலே அலுத்துப்போன இளவட்டம் வந்து, தன் சத்தத்தைக் கேட்டுவிட்டு, அம்மாவிடம் போய் "பாத்தியா" என்றது. சொன்னால் நம்பாத ஒன்றை எல்லாரும் கேட்டு நம்பினார்கள். அதில் அவர்களுக்கு ஒரு சமாதானம் இருந்தது.

இஞ்ஞாசிக்கு அந்தச் சமாதானம் வேண்டியதில்லை, பழுதுதான் வேண்டும். வந்தவர்களை அவர் டெஸ்டிங் சாமானாக வைத்துக்கொண்டார்.

"நில்லு. அசையாத."

"எவ்வளவு நேரம் அண்ணாச்சி? உலையில அரிசி கிடக்கு" என்பாள் லூர்தம்மாள்.

"சத்தம் நிக்கிற வரைக்கும்."

அவள் நிற்க, நறநறப்பு வர, கிட்டார் வயர் சொருகுகிற பக்கத்திலிருந்து ஆரம்பித்து வால்வுகளை ஒவ்வொன்றாகப் பிடுங்குவார். பிடுங்கினதும் சத்தம் நின்றால் பழுது அந்த வால்விலோ அதற்கு முன்னாலோ இருக்கிறது என்று அர்த்தம். நிற்கவில்லை என்றால் அதற்குப் பின்னால். முதல் வால்வைப் பிடுங்கினார், நிற்கவில்லை. அடுத்ததைப் பிடுங்கினார், நிற்கவில்லை. மூங்கில் குச்சியால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார், உலர்ந்துபோன கண்டன்சர்களை வெட்டிவிட்டுப் புதுசு வைத்தார், பற்றவைத்த இடங்களையெல்லாம் திரும்பப் பற்றவைத்தார். லூர்தம்மாளின் உப்பு நொறுங்கிக்கொண்டேதான் இருந்தது.

இதில் ஒரு எரிச்சல், எல்லாரும் போன பிறகு அவர் தனியாக ஆம்ப்ளி முன்னால் உட்கார்ந்தால் அது கப்சிப் என்று இருந்தது. பழுதுகளுக்கு இந்தக் கெட்ட குணம் உண்டு, மெக்கானிக் தனியாக இருக்கும்போது முகத்தைக் காட்டாது. ஆனால் ஊரில் அவர் அதை வேறு மாதிரி சொல்லிக்கொண்டார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கல. எனக்கு அலுப்பு கிடையாது."

கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டு வேறு பக்கம் பார்த்தார்கள்.

அந்தத் தை மாதம் பனி மூட்டம் அதிகம். காலையில் கடல் இருக்கிற இடம் தெரியாது. ஒருநாள் படகுக்காரன் தொபியாஸ் ஒரு பெரிய சீலா மீனைக் கொண்டுவந்து கடைப் பலகையில் வைத்தான்.

"என்னத்துக்குல இது?"

"சும்மாதான் அண்ணாச்சி. விடியக்காலம் கடை தொறந்துருவீங்கல்ல?"

"என்னைக்குத் தொறக்காம இருந்தேன்?"

"இல்ல, பனியா இருக்கு, அதான் கேட்டேன்."

"பனிக்கும் எனக்கும் என்னல? போ, வேலையப் பாரு."

மறுநாள் வேறு படகு, விளைமீன். அதற்கு மறுநாள் நண்டு. எப்போதோ மோட்டார் சரிசெய்து கொடுத்ததற்காக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். மேஜையில் வைத்த காப்பி டம்ளர் தானாக நகர்ந்து நகர்ந்து விளிம்புக்கு வந்தது. உப்பு லாரிகளைத் திட்டினார். அடுப்படியில் எட்டிப் பார்த்தால் அலமாரியில் ஒவ்வொரு பாத்திரத்துக்கு அடியிலும் மடித்த பழைய சேலைத் துணி.

"என்ன இது?"

"பாத்திரம் நழுவுது" என்றாள் தெக்லா.

கடைசியில் அவருக்கு விளங்கியது. எந்த வால்வைப் பிடுங்கினாலும் நிற்காத சத்தம், எல்லா இடத்திலும் இருக்கிற சத்தம், எந்த ஒரு உறுப்பின் சத்தமும் அல்ல. அது எர்த்தின் கோளாறு, வேண்டாத மின்சாரம் மண்ணுக்குள் இறங்க வழி இல்லாத கோளாறு. தெருவுக்கே பழைய எர்த் குழி கோயில் முற்றத்தில்தான் இருந்தது. போன வருஷம் முற்றத்துக்கு சிமெண்ட் போட்டபோது அதையும் சேர்த்து மூடியிருந்தார்கள். பங்குச் சாமியாரிடம் போனார்.

"முற்றத்தை உடைக்கணும்."

"திருவிழா வருதே இஞ்ஞாசி!"

"அதான் உடைக்கணும்."

கடப்பாரையோடு அவர் இறங்கினார். முதல் அடியிலேயே மூச்சு வாங்கியது. கஸ்பார் வந்து கடப்பாரையைப் பிடுங்கிக்கொண்டான். குழியில் செப்புக் குழாய் இறக்கி, சுற்றி அடுப்புக்கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, மதிலுக்கு மேலாக வயரை இழுத்து ஆம்ப்ளியின் தகரத்தில் முறுக்கிக் கட்டினார்கள். லூர்தம்மாளை நிறுத்தினார். சத்தம் இல்லை. டீச்சரை நிறுத்தினார். சத்தம் இல்லை. ஊர் அலுப்பு முழுவதும் வயர் வழியாக ஓடி மண்ணுக்குள் போய்க்கொண்டிருந்தது. குழியைச் சுற்றி ஈரம் காயாமல் இருந்தது.

"அப்ப இனி யாரு எங்களை நம்புவா?" என்றாள் பாக்கியத்தின் மருமகள்.

"தெனம் ரெண்டு குடம் தண்ணி ஊத்து. குழி காஞ்சா திரும்ப இரையும்" என்றார் இஞ்ஞாசி. அவள் குழியை எட்டிப் பார்த்துவிட்டு, ஊற்றுவதா காயவிடுவதா என்று சொல்லாமல் போய்விட்டாள்.

திருவிழாவுக்கு முந்தின நாள் காலை பிளாவியா கிட்டாரோடு வந்தாள். ஆம்ப்ளியைப் போட்டார். வாசலிலேயே நின்று கேட்டாள். கிட்டாரை உறையிலிருந்து எடுக்கவே இல்லை.

"மாமா, இன்னும் இருக்கே."

"என்ன இருக்கு?"

"இரைச்சல்."

"எங்க? ஒண்ணும் இல்ல."

"இல்லையா?" அவள் காதைப் பொத்திக்கொண்டாள். "கேக்கலையா மாமா? நெசமாவே கேக்கலையா? நீங்க சும்மா சொல்றீங்கன்னுல்ல நெனச்சோம்."

"மூளை குழம்பிப்போச்சா உனக்கு? காது என்ன வேணா சொல்லும், மீட்டர் பொய் சொல்லாது, பாரு" என்று மீட்டரின் இரண்டு கம்பிகளை ஸ்பீக்கர் வயரில் வைத்தார். முள் எழுந்து, கடைசிக் கோட்டில் போய் டக்கென்று இடித்து, அங்கேயே நின்று நடுங்கியது.

மீட்டரைத் தட்டினார். வேறு இடத்தில் வைத்துப் பார்த்தார், மீட்டர் சரியாக இருந்தது. திரும்ப வைத்தார். டக்.

"இது என்ன?"

பிளாவியா அவரைப் பார்க்காமல் சொன்னாள். "உங்க அலுப்பு மாமா. ஆம்ப்ளி இங்க வந்த நாள்லேருந்து இரையுது. ஊருக்கே கேக்கும். மத்தவங்க சத்தமெல்லாம் இதுக்கு மேல தனியாத்தான் கேக்கும். எல்லா வீட்டுலயும் பாத்திரத்துக்கு அடியில துணி போட்டிருக்காங்க. தொட்டில்ல போட்ட பிள்ளைங்க அதைக் கேட்டுத்தான் தூங்குது. பனியில கரை தெரியாம வாற படகெல்லாம் இதை வச்சுத்தான் திரும்புது. தொபியாஸ் அண்ணன் மீன் கொண்டு வந்தாரே, எதுக்குன்னு நெனச்சீங்க?"

"ஒருத்தன் வாயத் திறந்து சொல்லலியே."

"சொன்னா கத்துவீங்கன்னு பயம். பொறவு..." அவள் கிட்டார் உறையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். "மனுஷனுக்கே தெரியாத அலுப்ப எப்படிப் போய்ச் சொல்றதுன்னு."

வாழ்நாள் முழுவதும் அவர் உட்கார்ந்தது அந்த ஒரே இரைச்சலுக்கு முன்னால்தான். ஓடிக்கொண்டே இருக்கிற ஃபேனின் சத்தம் வீட்டுக்காரன் காதில் விழாது. அவ்வளவுதான் விஷயம். ஆனால் விஷயம் தெரிந்ததும் அவருக்குத் துக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. கடையை நடத்தும் வீம்பு அவரை விடவில்லை. பழுது எது என்று தெரிந்தாயிற்று, இனி அதைப் பிடுங்கிப் பார்க்க வேண்டியதுதானே.

"எர்த் ஏன் இதை இழுக்கல?" என்று தனக்குத்தானே கேட்டார். "இவ்வளவையும் மண்ணு கொள்ளாது போல. சரி. நீ முள்ளைப் பாத்துட்டே இரு. நான் இங்கருந்து போறேன். எறங்குதான்னு சொல்லு."

தெருவில் இறங்கி நடந்தார். வலைக்கூடத்தைத் தாண்டி, மணலில் இறங்கி, கவிழ்த்துப் போட்ட வள்ளத்துக்குப் பக்கத்தில் போய் நின்று கையைத் தூக்கினார்.

"பாதி எறங்கிருச்சு மாமா!" பிளாவியா வாசலில் நின்று கத்தினாள்.

இன்னும் தள்ளிப் போனார். அலை காலை நனைத்தது.

"அதேதான்! பாதியிலேயே நிக்குது!"

"வேற ஏதோ பால்ட் இருக்கு!" என்று திரும்பக் கத்தினார். ஆள் முழுசாக வெளியே வந்த பிறகும் பாதி சத்தம் எங்கிருந்து வரும்? ஒருவேளை ட்ரான்ஸ்பார்மராக இருக்குமோ, ட்ரான்ஸ்பார்மர் என்றால் திருவிழாவுக்குள் ஆகாது, பிளாவியாவிடம் எப்படிச் சொல்ல என்று மணலைப் பார்த்தபடி நின்றார். முதல் தடவையாக ஒரு செட்டைச் சரியாக்காமல் திருப்பிக் கொடுக்கப்போகிறோம் என்று தோன்றியது. கால் வலித்தது.

"போயிருச்சு!" பிளாவியா குதித்தாள். "சைபர்! சைபர் மாமா! என்ன செஞ்சீங்க?"

அவர் ஒன்றும் செய்யவில்லை. நிமிர்ந்து பார்த்தார். பக்கத்தில் தெக்லா நின்றுகொண்டிருந்தாள், கையில் காப்பி டம்ளர்.

"குடிக்காமலே வந்துட்டீங்க. ஆறிடும்" என்றாள்.

அவர் அவளையும் பார்த்தார், கடையையும் பார்த்தார். கடைக்குப் பின்னால் சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்படி.

"நீ திரும்ப வீட்டுக்குப் போ."

"எதுக்கு?"

"போ, சொல்றேன்."

அவள் முணுமுணுத்துக்கொண்டே போனாள். அடுப்படிக்குள் போனதும் பிளாவியா, "ஐயோ, பாதி வந்துருச்சு!" என்றாள்.

"தெக்லா! இங்க வா!"

அவள் வந்தாள், மணலில் செருப்பு புதைய, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

"சைபர்!"

"என்ன, விளையாட்டா? அடுப்புல குழம்பு கிடக்கு" என்றாள் தெக்லா.

ஊரே எல்லாவற்றையும் இஞ்ஞாசியின் அலுப்பு என்றுதான் நினைத்திருந்தது. அவளும் அப்படித்தான் நினைத்துப் பாத்திரத்துக்கு அடியில் துணி போட்டிருந்தாள். ஊர் முழுக்க வந்து ஆம்ப்ளி முன்னால் நின்றது. அவளை யாரும் கூப்பிடவில்லை, அவரும் கூப்பிடவில்லை, அவளுக்கும் அது தோன்றவில்லை. இஞ்ஞாசி கவிழ்ந்து கிடந்த வள்ளத்தின் மேல் இருந்த மணலைக் கையால் துடைத்தார்.

"உக்காரு" என்றார்.

"குழம்பு?"

"தீயட்டும்."

அவள் உட்கார்ந்தாள். அந்தக் காப்பியை ஆளுக்குப் பாதி குடித்தார்கள். பிளாவியா தெருவைத் தாண்டி ஓடி வந்தாள்.

"மாமா, அப்ப நாளைக்கு என்ன செய்ய? ஆம்ப்ளிய மேடையில வைக்கணும். மேடை உங்க வீட்டுக்கு எதுத்தாப்புலதான்."

"நாங்க ரெண்டு பேரும் இங்க இல்லாட்டி செட் சரியாத்தான் இருக்கு" என்றார் இஞ்ஞாசி. "மேடையில சத்தத்தைக் கூட்டினா இந்த மணல்லயும் எட்டிப் பிடிக்கும், கடலுக்குள்ளதான் போகணும். ரிப்பேர் முடிஞ்சுது. தொபியாஸைக் கூப்பிடு."

மறுநாள் சாயங்காலம், சப்பரத்துக்குப் பூக்கட்டுகிறவர்கள் கோயிலுக்குப் போய்க்கொண்டிருக்க, தெக்லா படகில் ஏறினாள். அந்தக் கரையிலேயே பிறந்து, அந்தக் கரையிலேயே மீன் அரிந்து, ஒருநாளும் கடலுக்குள் போகாதவள். பெண்கள் போகிற வழக்கம் இல்லை. தொபியாஸ் கையைக் கொடுத்தான். கரையில் நின்றவர்கள் யாரும் தடுக்கவில்லை, மரியசாந்துகூட.

"பனி எறங்குது அண்ணாச்சி" என்றான் தொபியாஸ், இன்ஜினைப் போட்டபடி. "உங்க சத்தம் இல்லாம நான் எப்படித் திரும்புறது?"

"பிளாவியா வாசிப்பா. அதைப் பிடிச்சுட்டு வா."

கரை மறைந்தது. இன்ஜினை நிறுத்தினான். படகு தன்பாட்டுக்கு ஆடியது. பழைய வலைக்குவியலில் இருவரும் சாய்ந்திருந்தார்கள்.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டார் இஞ்ஞாசி.

"எது?"

"இந்த அலுப்பு."

"கேட்டீங்களா என்னைக்காவது?"

"இப்ப கேக்கேன்."

"இப்ப தூக்கம் வருது" என்றாள் தெக்லா. அவர் இன்னும் ஏதோ சொல்ல நினைத்து, அவள் தலை தோளில் சாய்ந்ததும் அசையாமல் இருந்து, அப்படி இருந்தபடியே அவரும் தூங்கிப்போனார்.

சொரூபம் வெளியே வருகிற நேரம், பனிக்குள்ளிருந்து கிட்டார் கேட்டது. தொபியாஸ் அதுவரை அப்படிக் கேட்டதில்லை. ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக, கழுவித் துடைத்த மாதிரி தண்ணீர்மேல் வந்தது. அவன் மெதுவாக இன்ஜினைப் போட்டு அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்தான். கோயில் விளக்குகள் மங்கலாகத் தெரிய ஆரம்பித்த இடத்தில், கிட்டாருக்கு அடியில், வேறு ஒன்றும் மெல்ல இரைய ஆரம்பித்தது. படகில் கிடந்த அலுமினியத் தூக்குச்சட்டி லேசாக நடுங்கியது.

தூங்குகிறவர்களைப் பார்த்தான். அவர் வாய் திறந்திருந்தது. அவள் கை அவர் சட்டையைப் பிடித்திருந்தது.

"இன்னும் தீரலியே" என்று சொல்லிக்கொண்டான்.

கரையிலிருந்து யாரோ டார்ச் அடித்துக் கூப்பிட்டார்கள். தொபியாஸ் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடித்துத் தூக்குச்சட்டிக்கு அடியில் வைத்தான். பிறகு படகைத் திரும்பவும் கடலைப் பார்க்கத் திருப்பினான்.